எதிரே இருக்கும் காற்று

பெங்களூர், 1973

அம்மாவுக்குக் கண்ணையாவின் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? டாலிகஞ்ச் வீட்டுக் கூரை இந்த மழைக்கும் ஒழுகுகிறதா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நீளமான இரும்புக் குழாயின் நடுவில் தகடு ஒன்றை வைத்து, ஒரு பக்கம் வாயுவை ஏற்றுவோம். அழுத்தம் தாங்காமல் தகடு கிழிந்ததும் அதிர்ச்சி அலை மறுபக்கம் பாயும். நேற்று அது கிழியப்போகும் நேரத்தில் என்னையறியாமல் "ஹட் ஜாவ்!" என்று கத்திவிட்டேன். குவாரியில் திரியைப் பற்றவைத்ததும் எல்லோரையும் விலகச் சொல்லி அப்பா கத்துவாரே, அதே மாதிரி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெடி வைக்கும்போது அவர் காட்டும் சிவப்புக் கொடியை, நம் தீவிலிருந்து கப்பலில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. வெடியிலும் கிளம்புகிற அந்த அலை சத்தத்தைவிட வேகமானது. வந்து மோதும்வரை, எதிரே இருக்கும் காற்றுக்கு அது வருவதே தெரியாது. வெடியில் அப்பா போனதிலிருந்து, "கடைசியில பயந்திருப்பாங்களாடா?" என்று கேட்கிறீர்களே. இல்லை அம்மா. அவருக்குத் தெரிந்தே இருக்காது.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

கண்ணையா