ஐந்து சரணமும் நின்று பாடிய ஞாயிறு

பாறசாலை,
திங்கள் காலை

அன்பு மகள் ஷைலஜாவுக்கு,

சகல ஜனங்களும் அறியவேண்டிய செய்தி: நேற்றைய காலை ஆராதனையில் உன் தகப்பனார் சுந்தரதாஸ் அவர்கள், ஐந்து சரணமுள்ள கீர்த்தனையை முதலிலிருந்து கடைசிவரை நின்றே பாடினார். அறிவிப்பு முடிந்தது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

மக்ளே, எனக்கு இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவதே ஒரு உத்தியோகம். சுகருக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒருவர், கிட்னிக்கு இன்னொருவர், மூன்று பேருக்கும் மூன்று கிழமை. விடியுமுன் நெய்யாற்றின்கரை பஸ் ஏறி, டோக்கன் எடுத்து, ரத்தம் கொடுத்து, மத்தியானம் கழிந்து வீடு சேர்ந்தால் சட்டை மாற்றக்கூடத் தெம்பு இல்லை. ஒரு நாளைக்குப் பதினொரு மாத்திரை, அதிலேயே வயிறு நிறைகிறது என்றால், அப்போ சோறு மிச்சமாக்கும் என்கிறாள் அம்மா. சுகர் குறைந்ததில் ஒரு டாக்டருக்குச் சந்தோஷம், பிரஷர் இறங்கியதில் மற்றவருக்குச் சந்தோஷம், கிரியாட்டினின் ஏறாததில் மூன்றாமவருக்கும் சந்தோஷம். அங்கே சுகமில்லாத ஒரே ஆள் நான்தான். இருந்த இடத்தைவிட்டு எழும்பினால் கண் இருட்டிக்கொண்டு வரும், அது எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை.

இரண்டு மாதம் முன்பு பிரஷர் டாக்டரிடம் லிஷா என்று ஒரு புது நர்ஸ் வந்தாள். அங்கிளே, நம்பரெல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன செய்ய முடிஞ்சா அங்கிளுக்குச் சுகமாச்சுன்னு தோணும், அதைச் சொல்லுங்க என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் சொன்னேன், சர்ச்சில் பாட்டுக்கு எல்லோரும் எழும்பும்போது நானும் நிற்கணும், உட்கார்ந்தே இருந்தால் முன்பெஞ்சு ராஜையாவின் பின்புறத்துக்கு ஸ்தோத்திரம் பாடுவது போல இருக்கு என்று. அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அதுமுதல் திங்கள்தோறும் போன் செய்து, எத்தனை சரணம் அங்கிளே என்று கேட்டுக் குறிக்கிறாள். முதலில் ஒன்று, பிறகு பல வாரம் இரண்டு, கடைசி இரண்டு ஞாயிறும் ஐந்துக்கு ஐந்து! ராஜையா வெளியே வந்து, எலே தாசு, புதுக் காலு வச்சாச்சா, பின்னாலேருந்து சத்தம் வந்ததும் பயந்து பேடிச்சுப்போனேன் பாத்துக்க என்றான். டாக்டருக்கும் சந்தோஷமாம், அடுத்த மாதம் பத்தாம் தேதி பார்த்துவிட்டு இதே மருந்தை ஆறு மாதத்துக்குத் தொடரச் சொல்வார் என்றாள் லிஷா.

நீ அனுப்பிய பிரஷர் மிஷின் மட்டும் கேடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நூற்றுத்தொண்ணூறு காட்டுகிறது. அம்மா பயந்து உன்னைக் கூப்பிடப் போனாள், பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நான்தான் தடுத்தேன். நீ நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, காதை மூடித் தொப்பி போட்டுக்கொள்.

இவ்வளவும் எழுதி உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. நீயும் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றதுமே உனக்குப் புரிந்திருக்கும். மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை. கடைசி இரண்டு ஞாயிறும் பிரஷர் மாத்திரையை நான் விழுங்கவில்லை. விழுங்கினால் தலை சுற்றும், விழுங்காவிட்டால் நிற்கலாம். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பாடினேன். போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போடுவாள், அதனால்தான் இந்தக் கடிதம். இன்று முதல் ஒழுங்காக விழுங்குகிறேன். அம்மாவிடமும் நானே சொல்லிவிடுவேன். பத்தாம் தேதி லிஷாவிடம் ஐந்தை அடித்துவிட்டு உள்ளதை எழுதச் சொல்லணும், கண் இருட்டுவதையும் சொல்லணும், நாணமாகத்தான் இருக்கிறது. ஒன்பதாம் தேதி மறக்காமல் கூப்பிட்டு என்னை விரட்டு, இல்லையென்றால் இந்த வாய் மறுபடியும் ஐந்து என்றுதான் சொல்லும்.

உன் கையால் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு நோகாதிருக்கவும், உனக்கு நல்ல உறக்கம் கிடைக்கவும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

இரண்டு சரணம்வரை நிற்கும்
உன் அப்பா,
சுந்தரதாஸ்