பீச்சாங்கை முடிச்சு

22.1.2025, புதன்

டேய் உருண்டை, இன்று உன் வலையைக் கோவிந்தராசு மாமா ஆள் வைத்துத் தூக்கி வந்து நம் வாசலில் போட்டார். கார்த்திகையில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தாயே, அன்று நீ எடுத்துப் போனது வேறு வலை. இது கிழிந்திருக்கிறது என்று துறைமுகத்துக் கொட்டகையில் விட்டுப் போனதாம்.

"வித்துடு அஞ்சுகம். வச்சிருந்தா எலிக்குத்தான் ஆவும்" என்றார்.

சரி என்றேன். விற்கும் முன் ஒரு முறை பார்ப்போமென்று விரித்து உட்கார்ந்தேன். ஒரு கிழிசல் பெரிதாகத் தைக்காமல் கிடக்கிறது. மற்றதெல்லாம் தைத்திருக்கிறது. தைத்த இடத்தில் முடிச்சுகள் மறுபக்கம் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. பீச்சாங்கை முடிச்சு. நம் வீட்டில் பீச்சாங்கைக்காரன் உன் தம்பி கவியரசன் ஒருவன்தான்.

இந்த வலை வாங்கி இரண்டு வருசம் ஆகவில்லை. நீயும் அவனும் பேச்சை விட்டு நாலு வருசம். அப்புறம் எப்படி?

25.1.2025, சனி

கோவில்பத்தில் மீன் விற்றேன். யாருக்கு என்ன கொடுத்தேன் என்றே நினைவில்லை. நினைப்பெல்லாம் அந்த முடிச்சில்.

குஞ்சு மீனையும் விடாமல் அள்ளும் சுருக்குமடிப் படகில் கவி ஏறினான். நீ கூடாது என்றாய். ஊர் பார்க்கக் கடற்கரையில் கட்டிப் புரண்டீர்கள். அன்றே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மாமனார் ஊர் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய்விட்டான். உனக்குக் கொள்ளி வைக்க வந்தவன் என் முகத்தைப் பார்க்காமலே போனான். எனக்கு இனி அவன் ஒருத்தன்தான். வாசல் ஏறுவானா என்று தினமும் பார்க்கிறேன்.

26.1.2025, ஞாயிறு

நானே பீச்சாங்கையால் போட்டுப் பார்த்தேன். ஊசி விரலில் குத்தியதுதான் மிச்சம். பழகாத கைக்கு இது வராது.

31.1.2025, வெள்ளி

துறைமுகத்தில் டீக்கடை வைத்திருக்கும் அஜ்மீர் பாயிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு.

"ஒனக்குத் தெரியாதா தங்கச்சி? மூத்தவன் கிழிஞ்ச வலைய கொட்டகைல போட்டுட்டுப் போவான். எளையவன் மத்தியானம் வந்து தைப்பான். எதிர எதிர வந்துட்டா ஒருத்தன் கடலப் பாப்பான், ஒருத்தன் வானத்தப் பாப்பான். மூத்தவன் எங்கிட்ட, 'வலை தைக்கிறவனுக்கு டீ குடுங்க பாய், சக்கர ரெண்டு கரண்டி போடுங்க'ம்பான். பேரு மட்டும் வாயில வராது. ரெண்டு பேருக்கும் அம்புட்டுக் கொழுப்பு."

கவிக்கு டீ பாயசம் மாதிரி இருக்க வேண்டும். நீ மறக்கவில்லை. எங்கிட்ட ஏன்டா சொல்லல? ஒரே சட்டில தின்னுட்டு, ஒரு வார்த்தை —

4.2.2025, செவ்வாய்

வலையை விற்கவில்லை என்று சொல்லக் கோவிந்தராசு மாமா வீட்டுக்குப் போனேன். பேச்சு பழைய காலத்துக்குப் போனது. அலை அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோன வருசம் எனக்குப் பதினாலு, உனக்குப் பதினொன்று, கவிக்கு ஏழு. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சோற்றையெல்லாம் நீ திருப்பி அனுப்பினாய். பிறகுதான் ஊரே நம்மிடம் வலை தைக்கக் கொடுத்தது. கூலி, மீனும் அரிசியும். அப்படித்தான் வளர்ந்தோம்.

இத்தனை வருசத்தில் கேட்கத் தோன்றாததை இன்று கேட்டேன். "அவ்வளவு கிழிசல் எங்கேருந்து மாமா வந்துச்சு?"

"கிழிஞ்சா குடுத்தோம்? கத்தியால அறுத்துல்ல குடுத்தோம். கலைவாணன் ஓசிச் சோறு வேணாம்னு மொறச்சுக்கிட்டு நின்னான். வேற என்னாத்தப் பண்றது? நல்ல வலைய அறுத்ததுக்கு ஒங்க அத்தகிட்ட நான் வாங்குன பாட்டு இன்னும் காதுல நிக்கிது."

"பெரிய தம்பிக்கு இது தெரியுமா?"

"பெரியாளா ஆனப்பறம் ஒருநா கேட்டான். சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டான்."

8.2.2025, சனி

அஜ்மீர் பாய் மூலம் கவிக்குச் சொல்லி அனுப்பினேன். வலை அக்கா வாசலில் கிடக்கிறது, ஒரு கிழிசல் பாக்கி. அவ்வளவுதான்.

10.2.2025, திங்கள்

வரவில்லை.

14.2.2025, வெள்ளி

வந்தான். அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை. வலைப் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றினான். டீ கொண்டு வைத்தேன், சர்க்கரை இரண்டு கரண்டி. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அடுப்பைப் பார்க்கிற மாதிரி நான் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவனாகவே பேசினான்.

"பாறைல மாட்டிக் கிழிஞ்சா ஓரமெல்லாம் பிசிறு பிசிறா நிக்கும்க்கா. அத வெட்டிட்டுத்தான் தைக்கணும். அண்ணன் வலைல அந்த வேலையே இருக்காது. சுத்தமா இருக்கும். எந்த மீனுக்குத்தான் அப்புடி ஒரு பல்லோ."

மாமா சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுப் போடா என்றேன். சாப்பிட்டான். பாதிதான் தைத்திருக்கிறான். மிச்சத்துக்கு நாளைக்கு வருகிறானாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

டேய் உருண்டை, அந்த வலை கிழிஞ்சுதா, நீ அறுத்தியா?