ஆறினால் ஓடும் கார்

என் அந்துவான் அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மூச்சு வாங்காமல் நடக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கும் தங்கை எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாள் வருகிறதே என்று நேற்று உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தேன். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் ஒரு குடும்பமே பூச்சாடி யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூச்சலில் உனக்கு என்ன கேட்கும்? அதனால் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும், இதே கதை வேறு வீட்டிலும் நடந்துகொண்டிருக்கலாம்.

உன் காரைப் பற்றிய சேதி இது. நீ போன பிறகு அண்ணி அதை நம் ரபேலுக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பி இப்போது அதை வைத்துத்தான் பிழைக்கிறான், சென்னை ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போவதும் கூட்டி வருவதுமாக. அவன் வீட்டுச் சந்தில் கார் நுழையாது என்பதால் கருவடிக்குப்பத்தில் என் வீட்டு வாசலில்தான் நிறுத்துகிறான். மாடியிலிருந்து பார்த்தால் நீதான் வந்திருக்கிறாய் என்று இன்னமும் சில நாள் ஏமாந்து போகிறேன்.

அந்தக் கார் கொஞ்ச நாளாகச் செத்துச் செத்துப் பிழைத்தது. காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இருக்காது. ஓடிச் சூடேறியதும் சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் சுற்றும், ஆனால் இஞ்சின் பிடிக்காது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். தினமும் நின்றாலாவது பழகிவிடும். நிற்கும் என்று எதிர்பார்த்த நாளில் ஓடியது, மறந்திருந்த நாளில் நின்றது.

மூலக்குளத்தில் உனக்கு வேலை செய்த அதே மெக்கானிக் பாஸ்கரிடம்தான் கொண்டுபோனோம். ஃபில்டரை மாற்றினார், பிளக்குகளை மாற்றினார், பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். நின்ற காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது ஆறிவிடும், அங்கே போய்ச் சமர்த்தாக ஓடும். "வண்டி நல்லாத்தான்க்கா இருக்குது. ஒண்ணுமே இல்ல" என்றார்.

அந்த "ஒண்ணுமே இல்ல"வைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன் விஷயத்திலும் அதைத்தானே கேட்டோம்? படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஆட்டோ பிடித்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்குள் வலி போய்விடும். அங்கே நர்ஸிடம் வேடிக்கை பேசிக்கொண்டு சாவகாசமாகப் படுத்தாய், கம்பிகளை ஒட்டி எடுத்தார்கள், ஈசிஜி சுத்தமாக இருந்தது. அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு, "சா வா, சா வா. உக்காந்தா சரியாப் போயிடும்" என்றாய். நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்ல உனக்கு அந்தப் பிரெஞ்சுதான் எப்போதும் கை கொடுத்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். கடலூரில் ஒரு கல்யாணம். மத்தியானம் நானும் ரபேலும் திரும்பிக்கொண்டிருந்தோம். முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் கார் நின்றது. கேட்டுக்கு முன்னால் இல்லை அண்ணா, தண்டவாளத்தின் மேலேயே.

மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கேட்காரர் கையை வீசிக் கத்துகிறார். ரபேல் செல்ஃப் அடிக்கிறான், அடிக்கிறான், பிடிக்கவே இல்லை. "எறங்குக்கா, எறங்கு!" என்று கத்திவிட்டு அவனும் குதித்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினான். நான் பட்டுப்புடவையோடு பின்னாலிருந்து தள்ளினேன். சைக்கிளைப் போட்டுவிட்டு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கார் தாண்டியதும் கேட் இறங்கியது. ரயில் எங்களுக்குப் பின்னாலேயே போனது. மாதாவைக் கூப்பிட்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், உண்மையில் உன் காரைத்தான் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் ரபேல் ரோட்டோரத்தில் குந்தியிருக்கிறான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை நடு நெஞ்சில்.

"இன்னாடா ஆச்சு?"

"சா வா, சா வா. ஒண்ணும் இல்லக்கா. உக்காந்தா சரியாப் போயிடும்."

அது உன் குரல், அண்ணா. உன் வார்த்தை, உன் கை, நீ பார்க்கும் அதே தரைப் பார்வை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாவியைத் திருப்பினான். கார் கிளம்பியது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சரியாகிவிட்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாளாத்தான். படி ஏறினா, வண்டி தள்ளினா" என்றான். வீடு வரும்வரை ரோட்டைப் பார்க்காமல் அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பாஸ்கரிடம் நானே போய் நின்றேன். "ஆறின வண்டியைப் பார்த்துப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. அது சாகிற வரைக்கும் ஓட்டுங்க. செத்த எடத்துலயே பாருங்க" என்றேன். அவருக்கும் அது சரியென்று பட்டது. வில்லியனூர் வரை ஓட்டிவிட்டு வந்து, உச்சி வெயிலில் பானட்டை மூடியபடி இஞ்சினை ஓடவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். ஒரு சாவுக்காகக் காத்திருப்பது மாதிரியே இருந்தது.

நின்றது. பாஸ்கர் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. ஒரு பிளக்கை வயரில் மாட்டி இஞ்சின் மேல் வைத்துக்கொண்டு என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஸ்பார்க் இல்லை. ஈரத்துணியை எடுத்து, ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் மேல் போட்டார், ஆவி கிளம்பியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். நீலமாகப் பொறி பறந்தது.

"காயில்தான்க்கா. சூடானா உள்ள கம்பி விலகிக்குது, ஆறினா ஒட்டிக்குது. அதான் இத்தன நாளா கையில மாட்டவே இல்ல" என்றார். புதுசு போட்டார். காயிலிலிருந்து போகும் தடித்த வயரைக் காட்டி, "இதைப் புடுங்கிட்டா எந்த வண்டியும் கெளம்பாது" என்று விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த விளையாட்டு எனக்குப் பின்னால் பயன்பட்டது. முதலில் ரபேலை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி சுத்தம். ஆனால் உன் கதையைச் சொன்னதும் டாக்டர் முகம் மாறியது. மிஷினில் நடக்க வைத்து ஈசிஜி பார்க்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்டாதே, பாரம் தூக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார். இவன் கேட்டால்தானே? "வண்டி சரியாயிடுச்சுக்கா. இனிமே தள்ற வேலையே இல்ல. அப்புறம் ஏன் வலிக்கப் போவுது? கிறிஸ்மஸ் சவாரி முடியட்டும்" என்கிறான். இந்த மூளையை யாரிடமிருந்து வாங்கினான் என்று நான் கேட்கவில்லை, நீயே யோசித்துக்கொள்.

நேற்று கல்லறையிலிருந்து வந்ததும் பானட்டைத் திறந்து அந்த வயரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்று காலை ஏர்போர்ட் சவாரிக்கு வந்தவன் செல்ஃப் அடித்து அடித்துப் பார்த்தான். பானட்டைத் திறந்தான். நிமிர்ந்து மாடியைப் பார்த்தான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, வயர் எங்க?"

"மேல வந்து கேளு."

கோபத்தில் மடமடவென்று ஏறி வந்தான். என்னைத் திட்டத்தான் வந்தான். மாடிக்கு வந்து வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கை நெஞ்சுக்குப் போனது. நாற்காலியில் உட்கார வைத்தேன். "சா வா" வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உட்கார்ந்தும் வலி நிற்கவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னான்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த முறை வலி இருக்கும்போதே கம்பிகளை ஒட்டினார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார். ஒண்ணுமே இல்லை என்று சொல்லவில்லை. என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் அவனை மேலே கூப்பிடாமல் இருந்திருந்தால்? அவன் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது இது வந்திருந்தால்? எதை நினைப்பது என்று தெரியவில்லை. கதவு இன்னும் திறக்கவில்லை.

வயர் என் பையில்தான் இருக்கிறது. அவன் தன் காலால் நடந்து வந்து கேட்கட்டும், கொடுக்கிறேன். அதுவரை உன் கார் நகராது. அவனையும் உன் பக்கம் அனுப்பமாட்டேன். தனியாக இருக்கிறேன் என்று நீயே கூப்பிட்டாலும் அனுப்பமாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

ஒரு அண்ணனைக் கொடுத்தது போதும் என்றிருக்கும்
உன் தங்கை,
லூர்து