இரவல் மாடுகள் மூன்று

1959 அக்டோபர் 12

சந்தையில் இன்று ஹூட்டு கட்சிக்காரர்கள் பீன்ஸ் விற்கிறவளிடம்கூட இன அட்டை கேட்டார்கள். என் அட்டையில் இனம் துட்சி, அப்பாவுக்கும் அதே. பக்கத்து வீட்டு கரெகேசி, சொந்தமில்லாவிட்டாலும் எனக்குச் சித்தப்பா; அவருக்கு ஹூட்டு. எல்லாம் தலைகீழ் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ராஜா காலத்தில் மாடு பெருகினால் ஹூட்டு துட்சி ஆவான், மாடு போனால் துட்சி ஹூட்டு ஆவான். பெல்ஜியத் துரை வந்துதான் அதை அட்டையில் எழுதிப் பூட்டினார். எங்கள் மலையில் பத்து மாடு இருந்தால் துட்சி, குறைந்தால் ஹூட்டு என்று எழுதிக்கொண்டே போனாராம். அப்பாவிடம் ஏழு, சித்தப்பாவிடம் பன்னிரண்டு. ஹூட்டு என்றால் ரோடு வேலை, சவுக்கடி. அதற்குப் பயந்து அப்பா மூன்று மாட்டை ஒரு நாளைக்கு இரவல் கேட்டார்.

"ஓட்டிட்டுப் போண்ணே. அந்த ஆள் எழுதுற எழுத்தா பால் கறக்கப் போகுது?"

பிறகு ரோட்டில் பதினைந்து வருஷம் கல் சுமந்தவர் சித்தப்பாதான். அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

நவம்பர் 6

எதிர் மலையில் புகை.

நவம்பர் 8

வீடு போய்விட்டது. அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் கொளுத்தினார்கள், பாவிகள். சித்தப்பா வாழைத்தோப்புக்குள் எங்களை ஒளித்துவைத்திருக்கிறார். அங்கேயும் அவருக்குக் கேலி: "மாட்டைத் திருப்பித் தந்தே சரி, கூட வந்த துட்சிங்கிற பேரைத் தரலியேண்ணே!"

அப்பா சிரிக்கவில்லை.

1960 செப்டம்பர் 3

பாதிரியார் மடத்தில் பத்து மாதம் ஆகிறது. தேர்தலில் ஜெயித்து வந்த புது ஊர்த்தலைவர் தப்பான பதிவுகளைத் திருத்துகிறாராம். சாட்சி வேண்டும். திருத்தினால் நிலம் கிடைக்கும், இல்லையென்றால் எல்லை தாண்டி புருண்டிக்குப் போக வேண்டியதுதான். சித்தப்பா வருகிறேன் என்கிறார். ஆனால் அந்த மூன்று மாடு என்னுடையது இல்லை என்று அப்பா ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அவருக்கு அது அம்மணமாக நிற்பது மாதிரி.

"சொல்லித் தொலைங்கப்பா!" என்று கத்திவிட்டேன். தலையாட்டினார்.

செப்டம்பர் 9

இன்று ஊர்த்தலைவர் முன்னால் விசாரணை. சாட்சியைத்தான் முதலில் கேட்டார்கள்.

"அந்தப் பத்துல மூணு என்னோடதுங்க" என்றார் சித்தப்பா.

ஊர்த்தலைவர் பேனாவை நிறுத்தினார். "அப்போ உங்கிட்ட மொத்தம் எத்தனை இருந்துச்சு?"

ஐயோ — இந்தக் கேள்வியை நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு; அப்படியானால் துட்சி சித்தப்பாதான். வாசலில் நின்ற கட்சிக்காரர்கள் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். "பத்தும் என்னோடது! இவன் எனக்கு மாடு மேய்ச்ச பய. இவன் வீட்ல நின்ன ஒன்பதும் என்கிட்ட கையேந்தி வாங்கினது. என் உப்பைத் தின்ன விசுவாசத்துல எனக்காகப் பொய் சொல்றான்!"

கூட்டம் கொதித்தது. அப்பா முகத்தில் துப்பினார்கள். "பாவம், இந்த மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கான்" என்று சித்தப்பாவைத் தோளில் அணைத்துக் கூட்டிப் போனார்கள். அவர் விம்மி விம்மி அழுதார். பட்ட அவமானத்துக்கு அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

செப்டம்பர் 11

நாளை எல்லைக்குப் போகிறோம். அப்பாவின் மூட்டையையும் நானே கட்டினேன்.

1962 ஜூலை 1

புருண்டி, முகாம். இன்று எங்கள் நாட்டிலும் சுதந்திரம், இங்கேயும் சுதந்திரம். காலையிலிருந்து முரசுச் சத்தம்.

பதிவு எழுத ஒருவன் வந்தான். வயசு, ஊர், இனம் எல்லாம் கேட்டுவிட்டு, "ஊர்ல கூடப்பிறந்தவங்க யாராச்சும் உண்டா பெரியவரே?" என்றான்.

அப்பா "கரெ..." என்று வாயெடுத்தார். அப்புறம் அவன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"யாரும் இல்ல. அப்படியே எழுதிக்கோ" என்றார்.