சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பின் மானக்கேடு

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்ட அருமை மச்சான் ராசையாவுக்கு,

அங்கே சௌக்கியமா? "என் வீட்டுக்குள்ள எவனாவது ஜப்பான் பேச்சு பேசினா நாக்கை அறுத்துடுவேன்" என்பாயே. சண்டைக் காலத்தில் என்னோடு துறைமுகத்தில் மூன்றரை வருஷம் ஜப்பான் சிப்பாயிடம் அறை வாங்கியவனுக்கு அந்த உரிமை உண்டு. அறுக்க நீ இல்லாத தைரியத்தில் அந்தப் பேச்சை உன் மகள் மல்லிகாவுக்கே கற்றுக் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் நம் சிராங்கூன் ரோடு படிப்பகத்துக் காரியதரிசியின் வேலை. ஞாபகமிருக்கிறதா அந்த மகானை? ஜப்பான் காலத்தில், குனியாதவனை அறையும் காவல்காரன் கண்ணில் படுவதற்கு அரை மைல் முன்பே குனிந்துகொண்டு நடப்பார். தொலைந்த சட்டைப் பொத்தானைத் தேடுகிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது டை கட்டுகிறார். அந்த டையில் கடல் தாண்டி ஜொகூர் வரைக்கும் துணி காயப்போடலாம்.

ஜூரோங் தொழிற்பேட்டைக்கு ஜப்பான் கம்பெனிகள் வருகின்றன அல்லவா? கூட்டத்தில் எழுந்து முழங்கினார்: "நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு. மூணாவதா ஜப்பானீஸும் வந்துட்டா ஜூரோங்கே நம்ம கையில லா!" யாருக்கு ஜப்பானீஸ் தெரியும் என்று கேட்டார். சம்பளமில்லாத உத்தியோகம். பிரதம மந்திரி பதவி கிடைத்தவனைப் போல எழுந்து நின்றேன், மடையன்.

பதினான்கு பிள்ளைகள், அதில் மல்லிகாவும் ஒருத்தி. வரிசையில் நிற்கச் சொன்னேன், எண்ணிக்கை சொல்லச் சொன்னேன், இடுப்பு ஒடியக் குனியச் சொன்னேன். இதுதான் ஜப்பானியப் பண்பாடு என்று அளந்தேன். நானும் நீயும் வேறு எந்தப் பண்பாட்டைக் கண்டோம்?

"அவரு வேணாம்னுதானே சொல்லியிருந்தாரு, அண்ணே?" என்றாள் உன் பெண்டாட்டி. "பிள்ளைக்கு நாளைக்கு வேலை கிடைக்கும், செல்லம்மா" என்று வாயை அடைத்தேன்.

போன சனிக்கிழமை ஒரு ஜப்பானிய இன்ஜினியரின் மனைவியைக் காரியதரிசி அழைத்து வந்தார். சின்ன உருவம், கையில் மிட்டாய்ப் பெட்டி. வரவேற்க உன் மகளை நிறுத்தியிருந்தேன். மல்லிகா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள், அழகாகச் சிரித்தாள், பிறகு படிப்பகமே அதிரக் கத்தினாள்:

"கொரா! கொச்சி கோய்! ஸுவாரே!"

டேய், இங்கே வா, உட்கார்! துறைமுகத்தில் நம்மைக் கூப்பிட்ட அதே கூப்பாடு. வா என்பதற்கு அதைவிட்டால் வேறு சொல் எனக்குத் தெரியாதே, மச்சான்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துப் போயிற்று. காரியதரிசியோ கைதட்டினார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் ஜப்பானீஸ் லா!" அவருடைய மூளையைக் கடுகோடு சேர்த்துத் தாளித்தால் வெடிப்பது கடுகு மட்டுமாகத்தான் இருக்கும்.

எங்கே கற்றீர்கள் என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டார். துறைமுகத்தில், சண்டைக் காலத்தில் என்றேன். மிட்டாய்ப் பெட்டியைக் கீழே வைத்தார். "என் அண்ணனும் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு வீட்டில் இப்படித்தான் பேசினார். அம்மாவிடம்கூட" என்றார். பிறகு மல்லிகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரை மரியாதையாக எப்படி உள்ளே அழைப்பது என்று சொல்லிக் கொடுத்தார். "தோஸோ" என்றாள் உன் மகள். அந்த மொழியில் அப்படியொரு மெல்லிய சொல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். மூன்றரை வருஷம் ஒரு தேசத்தின் பூட்ஸை மட்டும் பார்த்துவிட்டு வாத்தியாராகப் புறப்பட்ட என்னை எதால் அடிப்பது?

வீட்டுக்கு வந்ததும் மல்லிகா கேட்டாள்: "மாமா, அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டாங்களா?"

நான் தங்கையைப் பார்த்தேன். செல்லம்மாதான், "சொல்லுங்கண்ணே, தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். சொன்னேன். உன் இடது காது ஏன் கேட்காமல் போயிற்று என்பதையும் சொன்னேன்.

குழந்தை தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நீங்க சொல்லிக் கொடுத்தது எனக்கு வேணாம், மாமா. அந்தம்மா சொல்லிக் கொடுத்ததைப் படிக்கவா?" என்று அம்மாவைப் பார்த்தாள். செல்லம்மா உன் படத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையசைத்தாள். உனக்குச் சம்மதம்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த அம்மாள் இனி சனிக்கிழமைதோறும் வருவார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறேன். சிப்பாய் பேசிய பேச்சில் ஒரு சொல்கூட இனி உன் வாசலைத் தாண்டாது, மச்சான். தாண்டினால் என் நாக்கை நானே அறுத்துக்கொள்கிறேன்.

உன் மகள் பெயிலாக்கிய தாய்மாமன்,
உன் மச்சான்