கைப்பிடி வலு: 31 கிலோ

செவ்வாய் நிலையம். நாள் 212. காலை 06:10
கைப்பிடி வலு 31 கிலோ. எடை 54. போன மாத வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. கெட்டுப்போன அந்தக் கோழிக்கறிப் பொட்டலத்தை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன். பாறை மாதிரிகள் ராக்கெட்டில் ஏற்றியாயிற்று. 220-ஆம் நாள் ஏவ வேண்டும், தவறினால் இரண்டு வருடம் காத்திருக்கணும். என் கட்டைவிரல் ரேகை இல்லாமல் அது கிளம்பாது. கிளம்பினால் நிலையத்தின் மின்கலம் காலி, ஒரு நாள் முழுக்க இருட்டில் உட்கார வேண்டியதுதான். மாற்றுக் குழு 223-இல் வரும். அதுவரை இங்கே நான் ஒருத்திதான். பாதத்தில் மரமரப்பு. பூட்ஸ் இறுக்கமாக இருக்கும்.
— இசக்கியம்மாள், நிலவியலாளர்

நாள் 214. காலை 06:25
24 கிலோ. மரமரப்பு முழங்காலுக்கு ஏறிவிட்டது. ரத்தம் எடுத்துப் பரிசோதனை இயந்திரத்தில் வைத்தேன். முடிவு நேராகப் பூமிக்குப் போகும். டாக்டர் ஜெசிந்தா பதில் அனுப்பினாள். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்.
"ஏட்டி இசக்கி, ஒண்ணுமில்லட்டி. வைட்டமின் கொறஞ்சிருக்கு. மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாரு."
அப்பாடா. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாள் 217. காலை 07:40
11 கிலோ. எழுந்ததும் விழுந்தேன். பாறை தட்டும் சுத்தியலால் முழங்காலில் மெல்லத் தட்டிப் பார்த்தேன். கால் துள்ளவில்லை. மாத்திரை மட்டும் வேளை தவறாமல் விழுங்குகிறேன்.

நாள் 219. பகல் 13:05
4 கிலோ. இனிக் குரலில்தான் பதிவு. பரிசோதனை இயந்திரத்தின் நினைவகத்தைத் திறக்கச் சொன்னேன். 214-ஆம் நாள் அறிக்கை அப்படியே இருக்கிறது. வயிற்றுக் கிருமியை அடிக்க என் உடம்பு செய்த எதிர்ப்பொருள்கள் இப்போது என் நரம்பை அரிக்கின்றன. கிருமியின் தோலும் நரம்பின் உறையும் ஒரே சாயலாம். கீழே ஒரு வரி: உடனே ரத்தத்தை வடிகட்டவும்.
வடிகட்டும் கருவி மூன்றடி தள்ளி நிற்கிறது. அன்றைக்கு நானே ஊசி குத்திக்கொண்டிருப்பேன். இன்றைக்கு ஊசியின் உறையைக்கூடப் பிரிக்க முடியவில்லை.
அறிக்கையைப் பார்த்தவர்: ஜெசிந்தா.
அடிப்பாவி! உடம்பாவது ஆள் தெரியாமல் அடித்தது. நீ ஆள் தெரிந்தே குழி பறித்தாயே.

நாள் 219. மாலை 18:30
அவள் பதில்: "வடிகட்ட ஆரம்பிச்சா நீ படுத்துருவ, ராக்கெட்ட ஏவ முடியாதுன்னு மேல சொன்னாங்கட்டி. இவ்ளோ வேகமா ஏறும்னு நெனைக்கல. மன்னிச்சிருட்டி. நாளைக்கு ரேகைய மட்டும் வச்சிரு, என்ன?"
மன்னிப்புக் கேட்ட அதே மூச்சில் ரேகையும் கேட்கிறாள்.

நாள் 220. காலை 09:50
முகம் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மூச்சு முக்கால்வாசி, நேற்றிரவு முகத்தை நுழைத்துக்கொண்ட சுவாச இயந்திரத்துடையது. அது ஓடுவது, ராக்கெட் கிளம்பினால் காலியாகும் அந்த மின்கலத்தில். மின்கலக் கணக்கு ஜெசிந்தாவின் திரையிலும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள்.
ரேகைத் தகடு... கைக்கு அடியில்தான்.
பூமியிலிருந்து நாலு நிமிடம் பிந்தி வரும் அவள் குரல்: "இசக்கி, பத்து நிமிசந்தான் இருக்கு. கட்ட வெரலு அசையுதா? சொல்லுட்டி!"
மாற்றுக் குழுவே... வந்ததும் வடிகட்டியை என் கையில் மாட்டுங்கள். முதலில் என்னை. பாறை அப்புறம்.

10:00
நேரம் முடிந்தது.
விரல் அசைகிறது. அவளிடம் சொல்லவில்லை.