மூலையில் ஒரு நாற்காலி

மார்ச் 3

என் ராசாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் பொண்ணு எழுதுகிறாள். "மெதுவா சொல்லுங்க ஐயா, என் கை என்ன மிஷினா?" என்கிறாள்.

நீ வரைந்து பரிசு வாங்கின படம் பேப்பரில் வந்ததாம். கொண்டுவந்து காட்டினாள். மேசை, ரெண்டு தட்டு, மூலையில் ஆளில்லாத நாற்காலி. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பேப்பர்காரன் என்னமோ சாவைப் பற்றின படம் என்று எழுதியிருக்கிறானாம். அவனுக்கு என்ன தெரியும்?

நான் கப்பல் வேலையில் கிடந்த காலத்தில், எழுத்து தெரியாத அப்பாவுக்கு நீ படம் போட்டுத்தானே சேதி அனுப்புவாய். குடை போட்டால் வீடு ஒழுகுது. கட்டில் போட்டால் அம்மாவுக்கு முடியலை. காலி நாற்காலி போட்டால், "அப்பா, கிளம்பி வாங்க." ஒண்ணையும் நான் மறக்கலை.

அம்மா போன பிறகு இந்த அறையில் எனக்குப் பேச்சுத்துணை மின்விசிறிதான். அதுவும் சொன்னதையே சொல்லும். நீ வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சப்பட்டு, படத்தில் கூப்பிட்டிருக்கிறாய். பெட்டி கட்டிவிட்டேன். எந்த வண்டியில் ஏறணும் என்று மட்டும் எழுது.

உன் அப்பா

---

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தப் படம் உங்களுக்கான சேதி இல்லை, அப்பா. வரையும்போது உங்களை நினைக்கவே இல்லை. மூலை வெறிச்சென்று இருந்தது. அங்கே கனமாக ஏதாவது வேண்டியிருந்தது. வீட்டுக்காரரின் நாற்காலி கண்ணில் பட்டது, போட்டேன். அவ்வளவுதான். சாவு என்று எழுதினவரும் தப்பு, நீங்களும் தப்பு. வரைந்தவனுக்குத் தெரியாதா?

இங்கே இருப்பது ஒரே அறை. பாதியைப் படச் சட்டங்களும் வர்ண டப்பாக்களும் அடைத்திருக்கின்றன. அந்த வாடைக்கு உங்களுக்கு இருமல் வரும். இப்போது வர வேண்டாம். கோடையில் நானே வரப் பார்க்கிறேன்.

குடை, கட்டில் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. நிஜமாகவே இல்லை.

உங்கள் மகன்

---

ஏப்ரல் 2

என் ராசாவுக்கு,

மருந்துக்கடைப் பொண்ணு உன் கடிதத்தைப் பாதியில் நிறுத்தி, "மீதி ஒண்ணுமில்லை ஐயா" என்றாள். ஒண்ணுமில்லாததையும் படிம்மா என்றேன். படித்தாள்.

நீ சொல்வதும் நியாயம்தான். சின்ன வயசில் ஒருதரம் நீ நீட்டின படத்தைப் பார்த்து, "மாடு ஜோரா இருக்குடா" என்றேன். "அது நீங்கப்பா!" என்று ஓவென்று அழுதாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். அன்றைக்கு, ஆமாண்டா, நான்தான், கொம்பு மட்டும்தான் குறைச்சல் என்று ஒத்துக்கொண்டேன். இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அது வெறும் நாற்காலி.

பெட்டியைப் பிரித்துச் சட்டைகளைக் கொடியில் போட்டாச்சு. முடிந்தால் வா. வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே.

ஆனால் பேப்பரில் வெட்டின படம் சுவரில்தான் இருக்கு. எடுக்க மனசு வரலை. காலையில் கண்ணைத் திறந்தால் "வாங்க" என்கிறது. நீ சொல்லலை, சரி. அது சொல்லுதே, அதுக்கு நான் என்ன செய்ய?

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அங்கே நாலு பேர் பார்க்க மாட்டியிருக்கிற இடத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் யாராவது தனியாக ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தால், கிட்டே போய், மூலை வெறிச்சென்று இருந்தது என்று சொல்லிவிடாதே.

உன் அப்பா